வியாபார ரகசியமும் இணையதளக் குக்கீகளும்

வியாபாரத்தில் சரக்கை எல்லோருக்கும் காட்டலாம். விற்கும் விலையைப் பலகையில் எழுதியும் தொங்கவிடலாம். அடக்க விலையை மட்டும் அடுத்தவருக்குக் காட்டலாகாது என்பது, கல்லாவில் உட்கார வைத்த அன்றே நம் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த பாடம். மாட்டுச் சந்தையில் துண்டை மேலே போட்டு, அதன் அடியில் விரலைத் தொட்டு விலை பேசுவதும், ஜவுளிக்கடைச் சீட்டில் அடக்க விலையை எண்ணால் எழுதாமல் கடைக்காரருக்கு மட்டும் புரியும் எழுத்துகளால் குறித்து வைப்பதும் இந்தக் காரணத்தால்தான். யாரிடம் வாங்குகிறோம், என்ன விலைக்கு வாங்குகிறோம், எத்தனை நாள் தவணையில் வாங்குகிறோம், யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறோம் என்ற நான்கும் ஒரு வியாபாரியின் கண்ணுக்குத் தெரியாத முதல்.

இன்று நம் வட்டாரத்தில் செல்போன் இல்லாத கடை இல்லை. துவரம் பருப்புக்கும் மிளகாய் வத்தலுக்கும் எந்த மார்க்கெட்டில் என்ன விலை என்று பார்ப்பது செல்போனில். புது பாக்கிங் மிஷின் விசாரிப்பது செல்போனில். ஜி.எஸ்.டி. கட்டுவது, வங்கிக் கணக்குப் பார்ப்பது, கடனுக்கு வட்டி எவ்வளவு என்று தேடுவது எல்லாம் அதிலேயே. ஒவ்வோர் இணையதளத்தையும் திறந்தவுடன் ‘குக்கீகளை ஏற்கிறீர்களா?’ என்று ஒரு பெட்டி வந்து மறைக்கிறது. அவசரத்தில் நம்மில் பலரும் ‘அக்செப்ட் ஆல்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கிறோம். அந்த ஒரு தொடுதலில் எதற்குச் சம்மதம் கொடுக்கிறோம் என்பதை ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்துகொள்வது அவசியம். அது பற்றியதே இக்கட்டுரை.

குக்கீ என்றால் என்ன?

பெயரைக் கேட்டால் பிஸ்கட் ஞாபகம் வரும். விஷயம் வேறு. குக்கீ என்பது ஓர் இணையதளம் நமது செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ எழுதி வைத்துவிட்டுப் போகும் ஒரு சிறு குறிப்பு. சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். திரும்பி வரும்போது அதைக் காட்டினால் எந்த வண்டி நம்முடையது என்று தெரிந்துகொள்வார்கள். குக்கீயும் அத்தகைய டோக்கன்தான். அதில் பெரும்பாலும் ஒரு நீளமான எண் மட்டுமே இருக்கும். அடுத்த முறை நாம் அதே தளத்துக்குப் போகும்போது நமது பிரவுசர் அந்த எண்ணைத் தானாகவே காட்டும். ‘முன்பு வந்தவர்தான்’ என்று தளம் புரிந்துகொள்ளும்.

1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணிபுரிந்த லூ மோன்டுல்லி என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். அவர் செய்ததில் தவறான நோக்கம் எதுவும் இல்லை. இணையத்தில் ஒரு கடைக்குச் செல்பவர் கூடையில் எடுத்துப் போட்ட சரக்கு, அடுத்த பக்கத்துக்குப் போனதும் மறைந்துவிடும் நிலை அப்போது இருந்தது. தளத்துக்கு ஞாபக சக்தி கிடையாது. அந்த ஞாபகத்தைக் கொடுக்க வந்ததே குக்கீ. இன்றும் வங்கித் தளத்தில் ஒரு முறை பாஸ்வேர்டு கொடுத்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் திரும்பக் கேட்காமல் இருப்பது இதனால்தான். இந்த வகைக் குக்கீ நமக்குத் தேவை. இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

வேற்றாள் வைக்கும் குக்கீ

சிக்கல் வருவது இன்னொரு வகையில். நாம் செல்லும் தளம் வைக்கும் குக்கீயுடன், அத்தளத்தில் இடம் பிடித்திருக்கும் விளம்பர நிறுவனங்களும் தங்கள் குக்கீயை வைத்துவிடுகின்றன. இதற்குத் ‘தேர்ட் பார்ட்டி குக்கீ’ என்று பெயர்.

இதை நமது வழக்கில் சொல்வதானால், பஜாரில் உள்ள நூறு கடைகளிலும் ஒரே முதலாளி தனக்கு ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நாம் எண்ணெய்க் கடையில் நுழைந்தால் ஒருவர் குறிக்கிறார். பருப்புக் கடையில் என்ன கேட்டோம் என்பதை இன்னொருவர் குறிக்கிறார். அடகுக் கடைப் படியேறியதை மூன்றாமவர் குறிக்கிறார். அந்தந்தக் கடைக்காரருக்குத் தன் கடையில் நடந்தது மட்டுமே தெரியும். மாலையில் எல்லாச் சீட்டுகளையும் வாங்கி ஒட்டிப் பார்க்கும் அந்த ஒரு முதலாளிக்கு நமது முழு நாளும் தெரிந்துவிடும்.

குக்கீ மட்டுமன்றி வேறு வழிகளும் உண்டு. ‘பிக்சல்’ என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படம் அல்லது சில வரி நிரல். பக்கம் திறந்தவுடன் ‘இன்னார் இதைப் பார்த்தார்’ என்று விளம்பர நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பும். செல்போன்களில் ‘அட்வர்டைசிங் ஐ.டி.’ என்று ஓர் எண் இருக்கிறது. பல ஆப்கள் அந்த எண்ணைக் கொண்டு நம்மை ஒரே ஆள் என்று அடையாளம் காண்கின்றன. இவை எல்லாம் சேர்ந்துதான் ‘டிராக்கிங்’, அதாவது பின்தொடர்தல்.

சிறு வியாபாரிக்கு இதனால் என்ன நஷ்டம்?

‘நாம் என்ன பெரிய மில் முதலாளியா? நம்மைப் பின்தொடர்ந்து யாருக்கு என்ன லாபம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மளிகை வியாபாரி ஒரு வாரத்தில் தேடியவற்றைப் பார்ப்போம். திங்களன்று எண்ணெய் பாக்கெட் போடும் மிஷின் விலை. செவ்வாயன்று கடைக் கட்டடத்தின் மேல் கடன் கிடைக்குமா என்ற விசாரணை. புதனன்று சர்க்கரை நோய்க்கான மருந்து. வெள்ளியன்று வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரின் விலைப் பட்டியல். தனித்தனியே பார்த்தால் எதிலும் ரகசியம் இல்லை. சேர்த்துப் பார்த்தால், இவர் தொழிலை விரிவாக்கப் போகிறார், கையில் பணம் இல்லை, உடல்நலம் சரியில்லை, பழைய மொத்த வியாபாரியை மாற்ற நினைக்கிறார் என்று நான்கு செய்திகள் கிடைக்கின்றன. இவற்றை நாம் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்வோமா?

இப்படித் தெரிந்துகொண்ட செய்தியை வைத்து விளம்பரங்கள் நம்மைத் துரத்துகின்றன. கடன் தேடியவருக்குக் கடன் விளம்பரம். அவற்றில் முறையான நிறுவனங்களும் உண்டு, மோசடிக் கடன் ஆப்களும் உண்டு. விளம்பரம் கொடுப்பவர் யோக்கியரா என்பதைக் குக்கீ பார்ப்பதில்லை. தேவை உள்ளவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுடன் அதன் வேலை முடிந்தது. மோசடி ஆப் ஒன்றைப் பதிவிறக்கி, கேட்டதற்கெல்லாம் ‘அலோ’ கொடுத்தால் நமது செல்போனில் உள்ள பெயர்ப் பட்டியல் முழுவதும் அவர்கள் கைக்குப் போகும். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யார்? நமக்குச் சரக்கு கொடுப்பவர்களும் நம்மிடம் சரக்கு எடுப்பவர்களும்தான். தவணை ஒரு நாள் தவறினால் அவர்கள் எல்லோருக்கும் போன் செய்து அவமானப்படுத்திய சம்பவங்கள் நாடெங்கும் நடந்தன. இதனால் ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டு நெறிகளில், கடன் ஆப்கள் செல்போனின் பெயர்ப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் தொடக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. எந்தக் கடன் ஆப்பாவது ‘காண்டாக்ட்ஸ்’ அனுமதி கேட்டால் அதை அப்போதே நீக்கிவிடுவது நல்லது.

கடைக் கம்ப்யூட்டருக்கு வரும் ஆபத்து இன்னும் நேரடியானது. வங்கித் தளத்திலோ மெயிலிலோ நுழைந்த பிறகு நம்மை ‘இன்னார்’ என்று காட்டிக்கொண்டிருப்பது ஒரு குக்கீதான் என்று மேலே பார்த்தோம். அந்தக் குக்கீயைத் திருடிவிட்டால், திருடியவருக்குப் பல தளங்களில் பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓ.டி.பி.யும் தேவையில்லை. டோக்கனைக் காட்டி வண்டியை ஓட்டிச் செல்வது போலத்தான். காசு கொடுக்காமல் கிடைக்கிறது என்று திருட்டு பில்லிங் சாஃப்ட்வேரை ஏற்றும்போது அதனுடன் ஒட்டிக்கொண்டு வரும் கெட்ட நிரல்களில் பல, இந்தக் குக்கீகளையும் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் திருடுவதற்கென்றே எழுதப்பட்டவை.

சிவகாசிக்கு உள்ள கூடுதல் பொறுப்பு

மளிகைக் கடைக்காரர் பின்தொடரப்படுபவர் மட்டுமே. பட்டாசு வியாபாரியோ பிறர் விவரங்களைச் சேர்ப்பவராகவும் இருக்கிறார். இது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவில், ஃபிளிப்கார்ட், அமேசான் உள்ளிட்ட எந்த இ-காமர்ஸ் தளமும் பட்டாசுக்கு ஆர்டர் ஏற்று விற்கக் கூடாது என்று தடை விதித்தது. அதன்பின் பட்டாசுத் தளங்கள் பலவற்றில் ஒரு குறிப்பைக் காணலாம். நீதிமன்ற உத்தரவுப்படி ஆன்லைன் விற்பனை இல்லை, வேண்டிய சரக்கைக் குறித்து விசாரணைப் படிவத்தை அனுப்பினால் போனில் தொடர்புகொள்வோம் என்ற பொருளில் அது இருக்கும். அதாவது அந்தத் தளத்தில் பணம் வாங்கப்படுவதில்லை. அங்கே வாங்கப்படுவது வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், ஊர், முகவரி ஆகியவையே. சட்டம் எந்த அளவுக்கு இதை அனுமதிக்கிறது என்பதைத் தக்க வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே நாம் கவனிக்க வேண்டியது அந்தப் பட்டியலின் கதி என்ன என்பதை.

தீபாவளி முடிந்த பிறகு அந்தப் பெயர்கள் எங்கே இருக்கின்றன? தளத்தைச் செய்து கொடுத்தவரின் கணக்கிலா, நமது கணக்கிலா? அதைத் திறக்கும் பாஸ்வேர்டு எத்தனை பேரிடம் இருக்கிறது? சென்ற ஆண்டு வேலையை விட்டுப் போன பையனிடமும் இருக்கிறதா? தளத்தில் விளம்பர நிறுவனங்களின் பிக்சல் பதிக்கப்பட்டிருக்கிறதா? பதித்திருந்தால், நமது கடைப்படி ஏறியவர்கள் யார் யார் என்ற செய்தி நமக்குத் தெரிவதோடு அந்த விளம்பர நிறுவனத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. தளம் செய்து கொடுப்பவரிடம் இதை நாம் கேட்காவிட்டால் யாரும் சொல்லப் போவதில்லை.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு, மலிவு விலைப் பட்டாசு என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து போலித் தளங்களுக்கு இழுத்துப் பணத்தைப் பறிக்கும் கும்பல்கள் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. ஏமாந்தவர் திட்டுவது கும்பலை அல்ல. ‘சிவகாசிக்காரன் ஏமாற்றிவிட்டான்’ என்றுதான் சொல்வார். நமது வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று அப்படிப்பட்டவர் கையில் கிடைத்தால், நமது கடைப் பெயரைச் சொல்லியே அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப முடியும். ஆகவே பட்டியலைக் காப்பது ஊர்ப் பெயரைக் காப்பதும் ஆகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. அதன் தொடர்ச்சியாக 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அறிவிப்பிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதம் முதல் கட்டாயமாகும் என்று விதிகள் சொல்கின்றன. தயாராவதற்கான அவகாசம் அது.

சட்டத்தில் குக்கீ என்ற சொல் இல்லை. ஆனால் ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்த டிஜிட்டல் விவரமும் அதன் வரம்புக்குள் வரும். வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

சம்மதம் என்பது எதற்காக என்று தெளிவாகச் சொல்லி, அவர் மனமார ஒப்பிக் கொடுத்ததாக இருக்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலோ படித்துக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும். தமிழும் அவற்றுள் ஒன்று. விவரங்களைத் தக்கபடி பாதுகாக்கத் தவறி அவை கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி இருக்கிறது. இது உச்ச வரம்பு. தவறின் தன்மையைப் பார்த்தே தொகை முடிவாகும்.

பயப்படத் தேவையில்லாத இடங்களும் உண்டு. காகிதப் பேரேட்டில் மட்டுமே எழுதி வைத்திருக்கும் கணக்குக்கு இச்சட்டம் பொருந்தாது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகுதான் பொருந்தும். மருந்துக் கடையில் பொருள் வாங்கும் ஒருவர், பணம் கட்டியதற்கான ரசீதை அனுப்பச் சொல்லித் தானாகவே செல்போன் நம்பரைக் கொடுத்தால், ரசீது அனுப்புவதற்காக அதைப் பயன்படுத்தலாம் என்று சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது. அதே நம்பருக்கு நாள்தோறும் விளம்பரம் அனுப்பலாம் என்று அந்த உதாரணம் சொல்லவில்லை. ‘நம்பர் சொன்னால்தான் பில்’ என்று கட்டாயப்படுத்துவதும் முறையல்ல. இது பற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தல் கொடுத்திருக்கிறது.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. பிரான்சு நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், அனுமதியின்றிக் குக்கீ வைத்ததற்காக 2020 டிசம்பரில் கூகுளுக்கு 10 கோடி யூரோவும் அமேசானுக்கு 3.5 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. ஏற்பதற்கு ஒரே பொத்தான், மறுப்பதற்குப் பல படிகள் என்று வைத்திருந்ததற்காக 2022 ஜனவரியில் கூகுளுக்கு மேலும் 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் விதித்தது. நம் நாட்டிலும், 2021இல் வாட்ஸ்அப் கொண்டுவந்த தனியுரிமைக் கொள்கை ‘ஏற்றுக்கொள், இல்லையேல் வெளியே போ’ என்ற முறையில் இருந்தது எனக் கூறி, 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 நவம்பரில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் விளம்பரத்துக்காகத் தரவைப் பகிர ஐந்து ஆண்டுகளுக்கு விதித்திருந்த தடையை நீக்கிவிட்டது. ஆகவே, சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று முழுவதும் இருந்துவிடவும் முடியாது. நமது பூட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

கடையில் இன்றே செய்யக் கூடியவை

1. குக்கீ பெட்டி வந்தால் ‘ரிஜெக்ட் ஆல்’ என்ற பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அழுத்துங்கள். பெரும்பாலான தளங்கள் அதன் பிறகும் வேலை செய்யும். இல்லாவிட்டால் ‘மேனேஜ்’ அல்லது ‘செட்டிங்ஸ்’ உள்ளே போய்த் தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

2. குரோம் பிரவுசரில் மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘செட்டிங்ஸ்’ செல்லுங்கள். ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ அல்லது ‘சைட் செட்டிங்ஸ்’ என்ற இடத்தில் ‘தேர்ட் பார்ட்டி குக்கீஸ்’ இருக்கும். அதைத் தடுக்கும்படி மாற்றுங்கள். இவ்வகைக் குக்கீகளை அடியோடு நிறுத்தப் போவதாகக் கூகுள் 2020இல் அறிவித்து, 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அதனால் குரோமில் இதை நாமே செய்தாக வேண்டும். ஆப்பிளின் சஃபாரி 2020 முதல் இவற்றைத் தானாகவே தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் பின்தொடரும் குக்கீகளைத் தானாகத் தடுப்பதே.

3. ஆண்ட்ராய்டு போனில் ‘செட்டிங்ஸ்’ உள்ளே ‘ஆட்ஸ்’ என்ற பகுதியைத் தேடி, ‘டெலீட் அட்வர்டைசிங் ஐ.டி.’ கொடுங்கள். ஐபோனில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ உள்ளே ‘டிராக்கிங்’ என்பதை நிறுத்திவிடுங்கள்.

4. கடைக்கு ஒரு பிரவுசர், சொந்த வேலைக்கு ஒரு பிரவுசர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வங்கியும் ஜி.எஸ்.டி.யும் ஒன்றில், செய்தியும் சினிமாவும் மற்றொன்றில். கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதாத நாம் இதைச் செய்வது கஷ்டமில்லை.

5. வங்கி, ஜி.எஸ்.டி., மெயில் வேலை முடிந்ததும் ஜன்னலை மூடினால் போதாது. ‘லாக் அவுட்’ கொடுங்கள். பலர் உட்காரும் கடைக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைச் சேமிக்க வேண்டாம்.

6. மாதம் ஒரு முறை குக்கீகளை அழித்துவிடுங்கள். அழித்தால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேறிவிடுவோம். ஆகவே பாஸ்வேர்டுகள் ஞாபகத்தில் உள்ளனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்கள் அதைச் செய்து கொடுத்தவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நமது தளத்தில் யார் யாருடைய குக்கீயும் பிக்சலும் இருக்கின்றன? வாடிக்கையாளர் விவரம் எங்கே சேமிக்கப்படுகிறது, யார் திறக்கலாம்? வேண்டாத பழைய விவரங்களை எப்போது அழிப்பது? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது உத்தமம்.

8. வாடிக்கையாளரிடம் ஆதார், பிறந்த தேதி போன்ற தேவையற்ற விவரங்களை வாங்காதீர்கள். வாங்காத விவரம் கசியாது.

9. பணம் பறிபோனால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் தடுக்க வாய்ப்பு உண்டு.

சில தவறான எண்ணங்கள்

குக்கீ ஒரு வைரஸ் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அது வெறும் எழுத்து. தானாக ஓடி நமது கோப்புகளைப் படிக்க அதனால் முடியாது.

‘இன்காக்னிடோ’வில் திறந்தால் யாருக்கும் தெரியாது என்பது இன்னொரு எண்ணம். அந்த முறையில் நமது செல்போனில் சுவடு தங்காது, அவ்வளவுதான். நாம் செல்லும் தளத்துக்கும் இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்துக்கும் நமது வருகை தெரியும். இது குறித்து அமெரிக்காவில் நடந்த வழக்கில், இம்முறையில் திரட்டிய பழைய விவரங்களை அழிக்கவோ அடையாளம் தெரியாதபடி மாற்றவோ கூகுள் 2024இல் ஒப்புக்கொண்டது.

குக்கீயை அழித்துவிட்டால் ஏற்கெனவே போன செய்தி திரும்பிவிடும் என்பதும் சரியல்ல. நம்மிடம் உள்ள டோக்கன்தான் அழிகிறது. அவர்கள் பேரேட்டில் எழுதியது அங்கேயே இருக்கும். அதனால்தான் அழிப்பதைவிட ஆரம்பத்திலேயே மறுப்பது மேல்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

தனி ஒருவருக்குக் கடினமான காரியத்தைப் பலர் சேர்ந்து செய்வது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்துப் பொதுக் காரியங்களை நடத்திய ஊர் இது. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா, வீட்டுக்கு வீடு கொடுத்த பிடி அரிசியில் வளர்ந்த பள்ளிக்கூடம் என்பதை எல்லோரும் அறிவோம்.

அந்த வழியில் வணிகர் சங்கங்கள் இரண்டு காரியங்களைச் செய்யலாம். ஒன்று, மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கம்ப்யூட்டர் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகளை வைத்தே உறுப்பினர்களின் செல்போனில் மேலே சொன்ன மாற்றங்களைச் செய்து கொடுப்பது. இரண்டு, வாடிக்கையாளர் விவரம் வாங்கும் கடைகள் எல்லாம் பயன்படுத்தும்படி, எளிய தமிழில் ஒரு சம்மத அறிவிப்பை நல்ல வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு எழுதி வாங்குவது. ஒவ்வொருவரும் தனித்தனியே செலவு செய்வதைவிடச் சேர்ந்து செய்தால் ஒருவருக்குச் சொற்பமே ஆகும். 2027 மே மாதம் வந்த பிறகு ஓடித் திரிவதைவிட, அடுத்த பட்டாசு சீசனுக்கு முன்பே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

நம் கொள்முதல் விலையை அடுத்தவர் எட்டிப் பார்ப்பதை நாம் ஒப்ப மாட்டோம். நம்மை நம்பி நம்பர் கொடுத்த வாடிக்கையாளரின் விவரத்தையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். வாங்குகிறவர் நம்பிக்கையில்தான் கடை நடக்கிறது. எடைக்கல்லில் காட்டும் நாணயத்தை இதிலும் காட்டுவோமாக!